சிலுப்பு

பாளையங்கோட்டை தொழிலாளர் அலுவலகம்,
இரண்டாம் மாடி, ஓடாத மின்விசிறி.
சொல்வதை அப்படியே தட்டச்சு செய்வது என் வேலை.
'அப்படியே' என்பதற்குக் கீழே கோடு போட்டு
நியமன ஆணையிலேயே தந்திருக்கிறார்கள்.

முதலாளி வேட்டி நுனியைப் பிடித்தபடி சொன்னார்:
"கூலி விசயமில்லம்மா. அவ சிலுப்புனா.
எல்லார் முன்னாலயும் சிலுப்புனா.
அதான் நிப்பாட்டினேன்."

என் விரல் 'சி'யில் நின்றது.

இந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
விடியுமுன் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஏறும்
பிச்சையாவின் சேவல்
கூவுவதற்கு முன் கழுத்தை ஒரு தடவை சிலுப்பும்.
ஒட்டிக் கிடந்த தூவியெல்லாம்
வெடித்த இலவங்காயாய் எழும்.
அரைக் கோழி
ஒன்றரைக் கோழி ஆகிவிடும்.

கயத்தாற்றிலிருந்து வாழ வந்த எதிர்வீட்டு எஸ்தர்
மத்துப் போட்டுத் தயிர் சிலுப்புவாள்.
குறுக்குத்துறையில் முங்கி எழுந்தவன் சிலுப்புவான்,
படியில் நிற்கும் நமக்கும்
கொஞ்சம் ஆறு கிடைக்கும்.
ஆனியில் தென்காசிப் பக்கமிருந்து
சிலுசிலுவென்று வருகிற காற்றும்
இதற்குச் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும்.
அகராதியில் பார்த்ததில்லை.

என் மேலும் விழுந்திருக்கிறது.
பதவி உயர்வுக்கு மனு கொடுத்த வாரம்
'டைப்பிஸ்ட்டுக்கு ரொம்பத்தான் சிலுப்பு' என்பது
டீ கொண்டுவரும் பையன் வரைக்கும் தெரிந்திருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கிருஷ்ணகிரிக்காரர்.
"சிலுப்பினாள்னா? அடிச்சாங்களா? திட்டினாங்களா?"
முதலாளி யோசித்தார்.
"இல்ல. தலைய... இப்படி."
செய்து காட்டினார்.
எண்ணெய் படிந்த நாலு முடி
நெற்றியில் விழுந்து
திரும்பிப் போகத் தெரியாமல் கிடந்தது.

"நீங்க சொல்லுங்க. சிலுப்பினீங்களா?"

சொர்ணக்கனி எழுந்தாள்.
திசையன்விளைக்குத் தெற்கே ஊர்.
"ஆமா. சிலுப்புனேன்."
வக்கீல் வேகமாகக் குறித்துக்கொண்டார்.

"பதினோரு வருசமா சிலுப்புதேன்.
பனம்பத்தைய நனைச்சு, அடிச்சு, நாராத் தருவாவ.
பலகையில ஆணி நிக்கும், மூணு வரிசை,
ஒவ்வொண்ணும் விரல் நீளம்.
அதுல தும்பை வீசிப் போட்டு இழுக்கணும்.
அதைத்தான் எங்க பக்கம் சிலுப்புததும்பாவ.
குட்டை நார் கழிஞ்சிரும்,
நெட்டை நார் கையில நிக்கும்.
ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ நான் சிலுப்புதேன்.
பதினாறுக்குத்தான் கூலி போடுதாவ.
ரெண்டு கிலோ எங்கன்னு கேட்டேன்.
கேக்கும்போது தலை பூராத் தும்புத் தூசி.
உதறாம எப்படிக் கேக்க?"

மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.
சுட்டுவிரலில் நகம் இல்லை.
அது எப்போது போனது என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

இருவர் வாக்குமூலத்திலும் அதே சொல்.
கணினிக்கு அது புரியவில்லை,
இரண்டு இடத்திலும் சிவப்பு நெளிகோடு போட்டது.

"முதல் இடத்துல
'அவமரியாதையாக நடந்துகொண்டார்'னு மாத்திரலாமே"
என்றார் அதிகாரி, நல்ல எண்ணத்தில்தான்.

மாற்றினால் அவர் சொன்னது ஒன்றாகிவிடும்,
அவள் சொன்னது வேறொன்றாகிவிடும்.
எதற்கு அவள் பதில் சொன்னாள் என்பதே
தாளில் இருக்காது.
இழுத்துக்கொண்டிருக்கும் நாரை
ஆணியில் வைத்தே அறுப்பது மாதிரி.

"அப்படியே இருக்கட்டும், மேடம்."

என் குரல்தான்.
முதலாளி என் பக்கம் திரும்பினார்.
அவர் மனதில் என்ன சொல் வந்திருக்கும் என்று
எனக்குத் தெரியும். வரட்டும்.

விசாரணை பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிப்போனது.
அந்த இரண்டு கிலோவைப் பற்றி
அவளைத் தவிர இன்னும் யாரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட அவள் குனிந்த இடத்தில்,
விசைப்பலகைப் பள்ளத்தில்,
கறுப்பாய் ஒரு நார்
நட்டமாய் நிற்கிறது.
ஊதினேன்.
ஆடியது. போகவில்லை.