தடைக்காலம்

விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும் மாதம்.
வத்தலக்குண்டில் பஸ் ஏறியதிலிருந்து
இவருக்கு வளைவுக்கு வளைவு குமட்டல்.
நாற்பது வருடம் கடலில் வாந்தி அறியாத மனுஷன்
எலுமிச்சையை மோந்துகொண்டே வந்தார்.

வில்பட்டிக்கு மேலே, மடத்து வாசலில்
பூண்டுப் பாத்தியிலிருந்து எழுந்து வந்தார் ரபேல் பிரதர்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் சாவிக்கொத்து.
“எந்த ஊர்?”
“தூத்துக்குடிப் பக்கம். சும்மா பார்க்க வந்தோம்”
என்றார் இவர்.
நான் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.
சீலாக் கருவாடு. நாலு தாள் சுற்றியும் மணந்தது.

கோயிலுக்குள் குளிர்
தண்ணீர் மாதிரி கணுக்காலிலிருந்து ஏறியது.
பிரதர் சொல்லிக்கொண்டே போனார்:
ரங்கூன் தேக்கு, மணி வந்த கப்பல்,
அதை மலைக்குத் தூக்கி வந்த பதினாறு பேர்,
பாதி வழியில் கால் ஒடிந்த ஒருவன்.
பெயர் எங்கும் எழுதவில்லையாம்.
இவர் காதில் எதுவும் ஏறவில்லை.
கழுத்தை அண்ணாந்து கூரையையே பார்த்து நின்றார்.
கவிழ்த்துப்போட்ட வள்ளம்.
நடுவே ஏரா, இரண்டு பக்கமும் வங்கு.

சக்கிரீஸ்து திறந்திருந்தது.
சுவரில் வரிசையாக மர முளைகள்,
வெள்ளைப் பெயிண்டில் எண்கள்.
சந்தக்குருஸ் முதல் கடிதத்தில் எழுதியிருந்தான்,
“அம்மா, எனக்குப் பதினாலு. ஜன்னலோரம்.
என் அங்கி மட்டும் காய்வதே இல்லை.”
ஆறு வருடம் இருந்தான்.
பிறகு இங்கேயும் இல்லை, வீட்டுக்கும் வரவில்லை.
சூரத்தில் பார்த்தேன் என்றார் ஒருவர்.
தாடி வைத்திருந்தான் என்றார்.
அது அவன்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பதினாலில் ஓர் அங்கி தொங்கியது.
ஒல்லிப் பையனுடையது, கழுத்துப் பட்டை நைந்தது.
தொட்டேன். ஈரம்.
யார் பெற்ற பிள்ளையோ.
உதறி, உள்பக்கம் வெளியே திருப்பி,
திரும்ப அதிலேயே மாட்டினேன்.

பார்வையாளர் நோட்டில் இவர்
பெயர் கேட்ட இடத்தில் ஊரை எழுதினார்,
ஊர் கேட்ட இடத்தில் தேதியை.
கருவாட்டைச் சமையற்கட்டில் கொடுத்தேன்.
“வெள்ளிக்கிழமைக்கு ஆச்சு” என்று பிரதர் சிரித்தார்.

இறங்கும் பஸ்ஸில்
பண்ணைக்காடு பிரிவு தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு, கண்ணைத் திறக்காமலே,
“முப்பத்திரண்டு வங்கு” என்றார்.
“பீடத்துக்கு இடப்பக்கம் ஒன்றை மாற்றியிருக்கிறார்கள்.
மரம் வேறு.
ரொம்ப நாள் ஒழுகியிருக்கும்.”

இன்னும் இரண்டு வளைவு.

“அந்தச் சுவருக்குப் பின்னால்தானே
பதினாலு?”