இருபது கிலோவுக்குக் கீழே

அரிசி ஆலையின் எடைமேடை
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் அறியாது.
எல்பியோ ஒருநாள் தன் கவிதை நோட்டை மேடை நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து என் ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.
பூஜ்யம்.
"விமர்சகர்களும் இதையேதான் சொன்னார்கள்" என்றான்.
எந்த விமர்சகர்?
உருகுவேயின் கிழக்கு மூலையில், நாலா பக்கமும் நெல் நிற்கிற ஊரில்
மருந்துக்கடை வால்கிரியாவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வியாழன்தோறும் ஏழு மணிக்கு
என் எடைமேடை அறையில் கூட்டம்.
நூலகம் ஐந்துக்கே பூட்டிவிடும், கிளப்பில் சீட்டாட்டச் சத்தம்.
இங்கே ஒரு ஹீட்டர் உண்டு, மாத்தே ஊற்ற வெந்நீர் உண்டு.
ஒரே சுரைக்குடுவை கைமாறும்.
குடுவை யாரிடம் இருக்கிறதோ அவர் படிக்க வேண்டும்,
படிக்க ஒன்றுமில்லையா, சட்டென்று உறிஞ்சிவிட்டு நகர்த்த வேண்டும்.
சில வியாழன்களில்
வயிறு நிறையக் கசப்போடுதான் வீடு திரும்பினோம்.

வால்கிரியாவின் கதைகளில் கொலையாகிறவர்கள் எல்லாம்
கடையில் பாக்கி வைத்தவர்கள்.
எல்பியோ பதினோரு வருடமாக ஒரே கவிதையைத் திருத்துகிறான்,
இப்போது அதில் ஒரு ஏரியும் ஒரு காற்புள்ளியும் மிச்சம்.
பள்ளிச் சமையல்காரர் டார்டோ பேய்க்கதை எழுதுவார்,
படிக்கும்போது முதலில் பயப்படுகிறவரும் அவரே.
நான் வருகைப்பதிவு எழுதுகிறேன்.

மார்ச்சில் அறுவடை.
லாரி வரிசை பாலத்தைத் தாண்டும்.
எல்பியோவுக்கு நெல் உலர்த்தும் கோபுரத்தில் இரவு முறை,
டார்டோ வயல் முகாமுக்குச் சமைக்கப் போய்விடுவார்,
வால்கிரியா மட்டும் வந்து
காலி நாற்காலிகளை முறைத்துவிட்டுப் போவாள்.
பதிவேட்டில்: ஒருவர். ஒருவர். என்னையும் சேர்த்தால் இருவர்.
மே பிறந்ததும், குழுவுக்குத் தண்ணீர் தெளித்துவிடலாமா
என்று பேச்சு வரும். போன வருடம்
பேச்சு எடுக்கக்கூட ஆள் இல்லை.

இந்த வருடம் எனக்குக் கோபம் வந்தது,
யார் மேல் என்று தெரியாத கோபம்.
எடைச்சீட்டின் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.
வரிசையில் நின்ற ஒவ்வொரு லாரிக்கும்
ஒரு பழைய சீட்டும் துண்டுப் பென்சிலும் நீட்டினேன்.
"ஒரே வரி. எதைப் பற்றியும். மேடை ஏறும்போது திருப்பித் தா."
"கட்டாயமா?"
"புதுச் சட்டம்" என்று பொய் சொன்னேன்.

முதல் வாரம் எழுபத்துமூன்று சீட்டுகள்.
பாதிக்கு மேல் கால்பந்து. பன்னிரண்டு அச்சில் ஏறாதவை.
ஒருவன் டயர் விலையை எழுதி மூன்று முறை அடிக்கோடிட்டிருந்தான்.
ஹெபர் தெச்சேரா என்பவன் எழுதியது:
"நெல்மேல் உட்கார்ந்து வரும் குருவிகளுக்கும்
சேர்த்துத்தான் காசு தருகிறீர்களா?"

அதை அன்றிரவே கோபுரத்துக்கு எடுத்துப் போனேன்.
எல்பியோ கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினான்.
தூசு பறக்கிற வெளிச்சத்தில் வெகுநேரம் நின்றான்.
"கேள்விக்குறி வேண்டாம்" என்றான்.
"அதுதான் வரியே" என்றாள் வால்கிரியா,
மறுநாள், இருமல் மருந்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.
அது கேள்வியா புகாரா என்று டார்டோ யோசித்ததில்
முப்பது பேர் சோறு அடிபிடித்தது.
மூன்று வாரம் ஓயாத சண்டை,
ஒரு கூட்டம்கூட இல்லாமல்.

ஜூனில் ஹீட்டர் போட்ட முதல் வியாழன் ஹெபரும் வந்தான்,
கதவோரமாக, தொப்பியைக் கழற்றாமல்.
குடுவை வந்ததும் சட்டென்று உறிஞ்சிவிட்டு நகர்த்தினான்.
பிறகு வரவேயில்லை. எல்லை தாண்டி
பிரேசில் பக்கம் ஓட்டுகிறானாம்.

அவன் நகர்த்திய குடுவை என் கைக்கு வந்திருந்தது.
நான் எப்போதும் செய்வதைச் செய்திருக்கலாம்.
பதிவேட்டைத் திறந்து தேதியிலிருந்து படித்தேன்:
"ஏப்ரல் பதினேழு. கூட்டம் நடக்கவில்லை.
வந்தவர்கள் நால்வர். இடம்: பல.
பொருள்: குருவி."

ஹீட்டர் மட்டும் முனகியது.
எல்பியோ பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான்,
கொஞ்ச நேரம் விரலில் உருட்டினான்,
மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டான்.