பதினான்காம் எண்

கார்ஸ்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு
மாறிவிட்டான்.
அப்பாவுக்கு அங்கே வேலையாம்.
டகோட்டாவில் அதை நம்பியவர் யாருமில்லை,
அங்கே புது அரங்கம்.

இப்போது எங்கள் அணியில் உயரமானவன்
ஐந்தடி பதினோரு அங்குலம்.
"வேகமாக ஆடுவோம்" என்கிறார் லிண்ட்க்விஸ்ட் சார்,
சாக்பீஸைப் பொடித்தபடி.

ஒமாஹாவிலிருந்து வந்த மஜோக்
நின்ற இடத்திலிருந்தே எம்பி வளையத்தைப் பிடிக்கிறான்.
மாற்றல் தாள் வரவில்லை.
ஜனவரி வரை தண்ணீர் பாட்டில்கள் அவன் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம்.
ஸ்கோர் புத்தகத்தில் பதினான்கு என்று எழுதியதும்
என் பேனா கார்ஸ்டன் என்றது.
அடித்தேன். மை கசிந்தது.

எட்டிப் பார்த்த மஜோக் கேட்டான்:
"எந்தக் கைக்காரன்?"

இடது, என்றேன்.
சற்றுப் பொறுத்து,
நெருக்கினால் வலப்பக்கம் திரும்புவான்,
அப்போது பந்தைப் பார்க்கவே மாட்டான்.

எனக்கு மட்டும் தெரிந்தது அது.