பிறையில் ஒரு வளைவின் எடை

இருபத்துநான்கு அங்குலக் குழாய்.
அரை அங்குலத் தடிப்பு.
மீட்டருக்கு நூற்று எண்பத்தேழு கிலோ.
நேராகக் கிடக்கும்வரை வம்பில்லை.

வளைவு என்கிறார்கள், யாரும் எதையும் வளைப்பதில்லை.
நான்கு துண்டுகளைச் சாய்த்து வெட்டி
மூன்று இடத்தில் பற்றவைத்தால்
தொண்ணூறு பாகை திரும்பியதுபோல் இருக்கும்.
பிறை என்ற ஊரில் வேறென்ன செய்வோம்
என்று குணாளன் அடிக்கும் ஜோக்
மிஸ்டர் ஊய்க்குப் புரியாது.

வெளிமுதுகு நீளம், உள்வயிறு குட்டை.
இரண்டுக்கும் நடுவே, குழாயின் வெற்றுக்குள்,
ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.
இரும்பே இல்லாத இடத்தில் அளந்துதான்
இரும்பின் எடையைச் சொல்கிறேன்.
ஒன்பது வருடமாக யாரும் கேள்வி கேட்டதில்லை.

இருநூற்று எழுபத்தைந்து.
உருகிச் சேர்ந்த வெல்டிங் கம்பிக்கு ஐந்து.
இருநூற்று எண்பது என்று எழுதி
மிஸ்டர் ஊய் மேசையில் வைத்தேன்.
கிலோவுக்கு இத்தனை வெள்ளி என்று பேசிய வேலை.

மூன்று மணி மழை தகரக்கூரையில் இறங்க
ரஸ்லான் முதல் வளைவைத் தூக்கினான்.
கிரேன் தராசின் சிவப்பு எண்கள்
கொஞ்சம் ஆடி நின்றன:
291.

பதினோரு கிலோ.
ஒன்றரை வயதில் என் மகள் இருந்த எடை.
எங்கே ஏறி உட்கார்ந்தது?
தகடு தடித்து வந்ததோ என்று காலிப்பர் வைத்தேன். இல்லை.
தராசில் ஐம்பது கிலோ கல்லைத் தொங்கவிட்டோம்.
ஐம்பதுதான் காட்டியது.
ரஸ்லான் என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்தான்.

கடைசியில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன்.
வாய்க்குள் குறுக்கும் நெடுக்குமாக
இரண்டு ஆங்கிள் கம்பி. மறுமுனையிலும் அதே.

"சூட்டுலயும் லோரி குலுக்கல்லயும்
வாய் முட்டையாயிடும்ல, அதான்,"
என்றார் குணாளன், முகமூடியை நெற்றிக்கு ஏற்றி.
"அங்க போனதும் வெட்டி எறிஞ்சிருவாங்க.
டிராயிங்ல இருக்காது."
"பன்னிரண்டிலயுமா?"
"பின்னே?"

எறியப்போகும் இரும்புக்கு
யாரிடம் காசு கேட்பது?
மிஸ்டர் ஊய் சேர் என்றார், வேண்டாம் என்றார்,
போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லோரிக்காரரின் தாளில் 3492.
வாங்குபவரின் தாளில் 3360.
இரண்டிலும் என் கையெழுத்து,
ஒன்று சற்றே ஈரமாக.