இரண்டாம் பக்கம், பதினான்காம் நிமிடம்

ஆற்றின் மேல் தொங்கிக்கொண்டு ரயில் போகிற
வுப்பர்டால் நகரத்தில்
இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையில் எனக்கு வேலை
காது கொடுப்பது.
நூறுக்கு ஒன்றை உருவி எடுத்துக் கேட்கவேண்டும்.
கீறல், பொருக்கு, குமிழ், முணுமுணுப்பு
எது தட்டுப்பட்டாலும்
நிமிடம் விநாடியோடு படிவத்தில் ஏற்றவேண்டும்.

ஹைக்கே ஓஸ்தர்காம்பின் தட்டு வந்தால் மட்டும்
பேனையை மூடிவைத்துவிடுவேன்.
எது குறை, எது அவர்?
ஒருமுறை குளிர்பெட்டியின் வயிற்றில் ஒலிவாங்கியை ஒட்டி
நாற்பது நிமிடம்.
இன்னொருமுறை ரயில்பாலத்து இரும்புத்தூணை
வயலின் வில்லால் அறுத்தார்.
அதில் நான் பிடித்த பன்னிரண்டு குறைகளுக்கும்
மரியாதையாகப் பதில் வந்தது:
"பதினொன்று என்னுடையவை.
மற்றது உங்கள் ஆலையுடையது. அழகாயிருக்கிறது,
இருந்துவிட்டுப் போகட்டும்."

இரும்பு அடிக்கிற இடத்தில்
ஈக்கு என்ன வேலை என்பார்கள்.
பத்தொன்பது வருடமாக அந்த ஈ
சம்பளம் வாங்குகிறது.

நவம்பரில் புதுத் தட்டு.
உறையில் ஒரு மஞ்சள் குடை, வேறொன்றுமில்லை.
வழக்கம்போல் ஒலியைத் தணித்து, தோளை இறுக்கி,
அறை விழப்போகிறவன் மாதிரிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
ஊசியை இறக்கினேன்.

கிற்றார்.
நைலோன் நரம்பு.
பின்னால் யாரோ முரசைத் தூரிகையால்
பூனைக்குத் தடவுவதுபோலத் தடவுகிறார்கள்.
விரல்விட்டு எண்ணக்கூடிய தாளம், மூன்று மூன்றாய்.
பல்வைத்தியரின் வரவேற்பறையில்
யாரும் கேட்காமலே பாடிக்கொண்டிருக்குமே
அந்த வகை.

காத்திருந்தேன்.
இதோ இடிக்கும், இதோ கிழியும்.
முதற்பக்கம் முடிந்தது.
ஒன்றும் கிழியவில்லை.

அச்சியந்திரத்து ரூடிகர் எட்டிப்பார்த்து
"வீட்டுக்கடன்" என்றான்.
"போடா, காதல்" என்றாள் பொதிகட்டும் நெவின்.
நான் தட்டைத் திருப்பினேன்.

ஒளிய இடமில்லாத இசை.
நரம்பிலிருந்து விரல் எழும்போது வரும் சின்ன உராய்வு,
அடுத்த சுரத்துக்கு முன் அவர் இழுக்கும் மூச்சு,
எல்லாம் வெளியே தெரிகிறது,
கதவு திறந்துகிடக்கும் குசினி மாதிரி.
இரும்பை அறுத்தது இந்தக் கைதான்.
அன்றும் அது அவசரப்படவில்லை;
சத்தத்தில் எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

பதினான்காவது நிமிடம் வரை ஞாபகம் இருக்கிறது.
பிறகு ஊசி நடுவட்டத்தில் போய்
டுப் டுப் என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.
கன்னத்தில் ஒலிகேட்பியின் வளையம் பதிந்திருந்தது.
தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது.
வெளியே விளக்கெரிந்த ரயில் ஒன்று
வானத்தில் நடந்துபோயிற்று.

படிவத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லை.
எழுதினேன்:
"இரண்டாம் பக்கம், பதினான்காம் நிமிடம்.
கேட்பவர் உறங்கிவிட்டார்."

மூன்றாம் நாள் அஞ்சலட்டை வந்தது,
பென்சில் எழுத்தில்.
"அது என்னுடையதுதான்.
எட்டு மாத உழைப்பு.
எனக்குப் பதினாறு நிமிடம் ஆகிறது,
நீங்கள் கெட்டிக்காரர்.
இதற்குமுன் நான்கு வருடம்
விடியும்வரை குளிர்பெட்டியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்."

ஜனவரியில் ஐந்து தட்டுகள் திரும்பி வந்தன.
ஐந்திலும் கோபக் கடிதம்:
உறைக்குள் வேறு யாருடையதோ தட்டு,
பணத்தைத் திருப்பித் தரவும்.

விதி என்றால் விதி.
ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டுத்தான்
சொல்லவேண்டும்.
தட்டு சரி. உறை சரி. பெயரும் சரி.
பகலில், நின்றுகொண்டே கேட்டு
நாலுக்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

ஐந்தாவதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.
இரவுகளில்தான் சோதிக்கிறேன்.
இன்னும்
முடிந்தபாடில்லை.