அயல் சாவி

மார்ச் மாதம் ஒரு சோம்பல் மதியத்தில்
நான்தான் எழுதினேன் அந்த வரியை:
முதலாளிக்கு ஆவதெல்லாம்
தொழிலாளிக்கும் ஆகட்டும்.
காஸ்கேட், எல்லாமும். சேமிக்கச் சுலபமாக இருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று வெள்ளி. சாங்கி பிசினஸ் பார்க், ஆறாம் மாடி.
எக்ஸ்போவில் ஏதோ மலிவு விற்பனை,
ஜன்னலுக்குக் கீழே அட்டைப்பெட்டிகள் நடக்கின்றன.
மூடிப்போன ஒரு கட்டுமானக் கம்பெனியை
டெஸ்ட் டேபிளிலிருந்து நீக்கிப் பார்த்தேன்.
கேட்டது ஒரே ஒரு டெலிட்.
லாக் ஓடிக்கொண்டே இருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
முதலில் அவர்களுடைய படுக்கை எண்கள்,
பிறகு மருத்துவச் சோதனைகள்,
பிறகு ஆட்கள்.
கம்பெனி கடைசியில்தான் போனது.

"நிஜ ஆள் இல்லையே," என்றாள் ஹயாத்தி,
கறிபஃப் பொட்டலத்தைப் பிரித்தபடி.
இல்லைதான். ஆனால் போன வருடப் பிரதி அது.
பெயர்களைக் கலைத்திருந்தோம்,
ஊர்களை மறந்துவிட்டோம்:
40817, எக்ஸ் எக்ஸ் எக்ஸ், துவாஸ் விடுதி,
மேல்கட்டில், பேராவூரணி.

தாயும் பிள்ளையுமானாலும்
வாயும் வயிறும் வேறு.
இதை ஜாவாவில் எப்படிச் சொல்வது?
ஒரு சொல்லை எடுத்தேன்.
'அநாதை நீக்கம்: ஆம்' என்றிருந்ததையும் எடுத்தேன்.
மறுபடி டெலிட்.
இந்த முறை டேட்டாபேஸ் மறுத்தது, சிவப்பில்:
இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்
இந்தக் கம்பெனியைப் பிடித்திருக்கின்றன,
முடியாது.
பிழைச் செய்தியைப் பார்த்து
அப்பாடா என்றது இதுதான் முதல்முறை.

அப்படியானால் முதலாளி கட்டத்தை
நல் ஆக விடலாமா?
(நல். தமிழில் வாசித்தால் எவ்வளவு நல்ல சொல்.)
கூடாது என்றாள் ஹயாத்தி.
முதலாளி இல்லாத ஆள்
இந்த சிஸ்டத்தில் கிடையாது.
அவள் பெயருக்கு எதிரே அப்படியொரு கட்டம்
எந்த டேபிளிலும் இல்லை.
என் பெயருக்கு எதிரே உண்டு, வேறொரு கட்டடத்தில்.

கடைசியில் கம்பெனியை அழிக்கவில்லை.
'மூடியாயிற்று' என்று புதிதாய் ஒரு கட்டம், ஒரு தேதி.
வேறு எண் வரும்வரை
செத்த கம்பெனியைப் பிடித்தபடி
அத்தனை பேரும் இருப்பார்கள்.

கமிட் செய்யுமுன் கையேட்டைப் புரட்டினேன்.
உறவுக்கு இரண்டு பக்கம்.
சாவி எந்த வரியில் இருக்கிறதோ
அதுவே உரிமையாளர் பக்கம், என்கிறது.
சாவி தொழிலாளி வரியில் இருக்கிறது.
ஆக, 40817தான் உரிமையாளர்.

ஹயாத்திக்கு வாசித்துக் காட்டினேன்.
கீபோர்டிலிருந்து பொடியைத் தட்டிவிட்டு
"அதைக் கமென்ட்டில் எழுதிவைக்காதே," என்றாள்.