டச்

சொர்ணபுரியில் ஜெராக்ஸ் கடை மாடி.
மூன்று லேப்டாப் ஒரே மேஜையில்
இரைந்துகொண்டிருந்தன.
"பல்கோர் சோதனையில்
பதினெட்டு சதவீத முன்னேற்றம்" என்று எழுதி
முற்றுப்புள்ளி வைத்துவிட்டு
டீக்கு இறங்கினேன்.

படியில் வழிமறித்தவள் பெயர் பூங்காவனம்.
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை.
கையில் போன மாதத்து இதழ்,
என் பக்கம் மட்டும்
மடித்து மடித்து நைந்திருந்தது.

"மூணு தடவை படிச்சேங்க.
வாங்கலாமா வேண்டாமானு
எந்த வரியில இருக்கு?"

பட்டைப் படத்தைக் காட்டினேன்,
நீலம் ஆரஞ்சைத் தாண்டுகிற இடத்தில்.
அமிலம் தின்ற கட்டைவிரலால்
நீலத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.
ஒட்டவில்லை.

பில் போட வேண்டும் அவளுக்கு.
சலங்கை டிசைனைப் பெரிதாக்கி
சென்னைக்காரருக்குக் காட்ட வேண்டும்.
ராத்திரியில் மகள் ஏதோ புரோகிராம் எழுதுவாள்.
நாற்பத்தைந்தாயிரம் இருக்கிறது, சீட்டு எடுத்தது.

டீக்கடை பெஞ்சில் நான் தொடங்கினேன்.
பிராசஸர் என்றேன்; அதைத் திறந்தால் கோர்.
கோரைத் திறந்தால் கேஷ்.
"கேஷா? ரொக்கமா?" என்றாள்.
கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டாள்.
நிட்ஸ் என்று சொல்ல வாயெடுத்து
விழுங்கிக்கொண்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்.
இதோட டச் எவ்வளவு?"

வெள்ளிக்கட்டியில் குத்தியிருக்கும் எண் அது.
எண்பது என்றால் நூற்றுக்கு எண்பது வெள்ளி.
சந்தேகம் வந்தால் உருக்கிப் பார்ப்பார்கள்.

"இதை யாரு உருக்கிப் பார்த்தது?"
நான்தான். இருபது நிமிடம்.
"எங்க வச்சு?"
இதோ மேலே, ஏசி போட்டு.
"உங்களுக்கு யாரு குடுத்தது?"
கம்பெனி அனுப்பியது.

டீயை ஊதினாள்.
"வியாபாரி கொண்டுவர்ற சாம்பிள்
எப்பவும் நல்ல டச்தாங்க."

மறுநாள் மதியம் மூன்று மணி, சித்திரை,
தகரக் கூரைக்குக் கீழே
உலையிலிருந்து ஏழெட்டு அடியில்
அந்த மெல்லிய பெட்டியைத் திறந்து வைத்தேன்.

நாற்பதாவது நிமிடம்
ஏற்காடு பஸ் பதினெட்டாம் வளைவில்
கியர் இறக்குவதுபோல் ஒரு முனகல்.
சலங்கைப் படம் ஒரு மணி, பிறகு இன்னொரு மணி என்று
நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது.
வாசல் வெளிச்சத்தில் திரை
முகம் பார்க்கத்தான் உதவியது.
பற்றவைத்துக்கொண்டிருந்த கோமளவல்லி
எழுந்து வந்து, அதில் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.

பில் அடிக்க உட்கார்ந்த பூங்காவனத்தின் வலதுகை
எண்கள் இருக்க வேண்டிய ஓரத்தில்
வெறும் தகட்டைத் தட்டியது.
இரண்டு முறை.
"கச்சிதமான வடிவமைப்பு" என்று
நான் பாராட்டியிருந்தது அந்த ஓரத்தைத்தான்.

ராத்திரி, பதினெட்டு சதவீதத்தை அடித்துவிட்டு எழுதினேன்:
வெக்கையில் நாற்பது நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்கும்.
வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால்
கணக்கு தெரியாது, உங்கள் முகம் தெரியும்.
நாளுக்கு முப்பது பில் போடுகிறவர்
எண்பலகை தனியாக வாங்க வேண்டும், அறுநூறு ரூபாய்.
ராத்திரி புரோகிராம் எழுதும் பிள்ளைக்குக் குறையில்லை.
இது கம்பெனி அனுப்பிய பெட்டி.
கடையில் கிடைப்பது எப்படியென்று எனக்குத் தெரியாது.

ஆசிரியர் போனில் கேட்டார்:
படமே இல்லையே சார்,
ஸ்டாராவது எத்தனை?

பூங்காவனம் வாங்கியது
மேஜையில் மூன்றாவதாக இருந்ததை.
கனம். அழகுமில்லை.
அதற்கு நான் ஒதுக்கியிருந்தது இரண்டு வரி.

வெள்ளிக்கிழமை கூரியர் பையன் வந்தான்,
திருப்பி அனுப்பும் படிவத்தோடு.
காற்றுத் துளைகளில் வெள்ளித் தூள்,
ஊதினாலும் போகவில்லை.
'பயன்படுத்தப்பட்டதா?' என்றொரு கட்டம்.
ஏழு வருஷமாக 'இல்லை'யில் டிக் அடித்தவன்
அவனிடம் பேனாவை வாங்கினேன்.